ரிப்போர்ட் நார்மல்... உடம்பு மட்டும் ஏன் அசதி?

"டாக்டரம்மா, மாத்திரையை நிறுத்திட்டேன். அதான் ரிப்போர்ட்டுல நார்மல்னு வந்துருச்சே!"

"யாரும்மா நிறுத்தச் சொன்னது? மாத்திரை வேலை செய்யுறதாலதான் நார்மலே வந்திருக்கு!"

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் என்று எந்த ஊரிலும் காதில் விழக்கூடிய பேச்சுதான் இது. இதற்கு நேர்மாறான புலம்பலும் உண்டு. "மாத்திரை தவறாம சாப்பிடுறேன். நார்மல்ங்கறாங்க. ஆனா அசதி போகல, முடி கொட்டுறது நிக்கல..."

இரண்டுக்கும் விடை, கையில் இருக்கும் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிப்பதில்தான் தொடங்குகிறது.

எண் கூடினால் சுரப்பு குறைவு!

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன்கள் டி4, டி3. அதை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அந்த பிட்யூட்டரி போடும் உத்தரவுதான் டி.எஸ்.ஹெச்.

உங்கள் ஊர் சம்மாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். ஆட்கள் சுணங்கினால் அவர் குரல் உயரும். வேலை ஒழுங்காக நடந்தால் பேசாமல் இருப்பார். அதேபோல, டி.எஸ்.ஹெச். எண் கூடியிருந்தால் தைராய்டு சுணங்குகிறது என்று அர்த்தம். மிகவும் குறைந்திருந்தால் சுரப்பு அதிகம்; மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மாத்திரை அளவு அதிகம்.

பெரியவர்களுக்கு டி.எஸ்.ஹெச். சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருக்கலாம். லேபுக்கு லேப் இது சற்று மாறும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு.

* டி.எஸ்.ஹெச். அதிகம், ஃப்ரீ டி4 குறைவு: தைராய்டு குறைபாடு. மாத்திரை அவசியம்.
* டி.எஸ்.ஹெச். சற்று அதிகம், ஃப்ரீ டி4 நார்மல்: ஆரம்ப நிலை. சிலருக்குத் தானாகவே இறங்கிவிடும் என்பதால் 2, 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரைதான்.

கடலோரத்தில் இருந்துமா?

"தினமும் மீன் சாப்பிடுறோம். எங்களுக்கு எப்படி அயோடின் குறையும்?" நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் விளையும் சாதாரண உப்பில் இயற்கையாக அயோடின் மிக மிகக் குறைவு. சேர்த்தால்தான் உண்டு. வாலிநோக்கம் பக்கம் உப்பு விளைகிறதே என்று மூட்டையாக வாங்கி வைக்கும் கல் உப்பில் அது சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். 2018-19-ல் நடந்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடுதான்!

அதற்காக எல்லாப் பழியையும் அயோடின் மேல் போடவும் முடியாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது இன்னொரு முக்கியக் காரணம். 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோவின் பெயரே இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட்டில் இது தெரியவரும். இதற்குக் கூடுதல் அயோடின் மருந்தல்ல. 'கடல்பாசிப் பொடி சாப்பிட்டால் தைராய்டு சரியாகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு மீறிய அயோடின் நிலைமையை மோசமாக்கும்.

நார்மல்தான், ஆனாலும் அசதியா?

முதலில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

* வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி, டீ, பலகாரம் எல்லாம் அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துத்தான்.
* இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.
* விடிவதற்குள் பாசி எடுக்கவோ ஏலத்துக்கோ கிளம்புபவரா? இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* அடுப்பு மேடையிலோ ஜன்னல் வெயிலிலோ மாத்திரையை வைக்காதீர்கள். சூடும் ஈரக்காற்றும் அதற்கு ஆகாது.
* அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட். பத்தே நாளில் பார்த்துப் பயப்பட வேண்டாம்.
* அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முடி வளர பயோடின் சாப்பிடுபவர்கள் 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். அது ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசதி என்றால் வேறு காரணம் இருக்கலாம். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிடாய் நிற்கும் பருவம்... தைராய்டு ஒன்றையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாது. டாக்டரிடம் சொல்லி ஹீமோகுளோபினாவது பார்த்துவிடுங்கள்.

'ரெண்டு மாத்திரை போட்டால் சீக்கிரம் இளைக்கலாம்' என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அளவு மீறினால் இதயம் படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

மாத்திரையில் இருக்கும் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனால் உடனே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தில் மருந்துத் தேவை கூடும். தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. அப்போது மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து.

ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்து, மாத்திரை அளவையும் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ராமநாதபுரம் போனாலும் மதுரை போனாலும் அந்த ஃபைல் கூடவே வரட்டும். ஒற்றை எண்ணைப் பார்ப்பதைவிட, ஒரு வருடக் கதையைப் பார்த்தால் டாக்டருக்கு உங்கள் அசதியின் காரணம் சீக்கிரம் பிடிபடும்!