விற்றவனுக்குச் சிறை... இழுத்த பையனுக்கு? புதுச்சேரி கேட்க மறந்த கேள்வி!

2024 மார்ச் மாதத்தைப் புதுச்சேரி அவ்வளவு சீக்கிரம் மறக்காது. முத்தியால்பேட்டையில் காணாமல்போன ஒன்பது வயதுச் சிறுமி, சில நாள்களில் கழிவுநீர் வாய்க்காலிலிருந்து சடலமாக மீட்கப்பட்டாள். கைதான இருவரில் ஒருவனுக்கு வயது 19. கஞ்சாப் புழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மக்கள் கொதித்தார்கள். சாலை மறியல், மார்ச் 8-ல் பந்த் என ஊரே ஸ்தம்பித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஊர், 'கஞ்சா விற்பவனைப் பிடி' என்றுதான் கேட்கும்.

விற்பவன் சரி. வாங்கி இழுக்கும் கல்லூரிப் பையனை என்ன செய்வது?

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோ வரையிலான கஞ்சா 'சிறிய அளவு'. அதற்கே ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால், அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்தச் சலுகையும் பறிபோகலாம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே போவதற்குள்தான், 'நாலு பேருக்குத் தெரிந்தால்?' என்ற பயம் வந்து வாசலை மறிக்கிறது.

அப்படியானால் பாடம் நடத்தினால் போதுமா? அமெரிக்காவில் 1983-ல் 'டேர்' திட்டம் தொடங்கியது. போலீஸ்காரர்களே சீருடையோடு வகுப்பறைக்குப் போய் எச்சரித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் ஜூன் 26 வந்தால் பேனர், ஊர்வலம், உறுதிமொழி, பிஸ்கட். அதைவிட, 'ஒரு இழுப்புதானே மச்சி' என்று நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று பையனுக்குப் பழக்கிக்கொடுப்பது உருப்படியான வேலை. தெருவுக்குத் தெரு மதுக்கடை வைத்திருக்கும் ஊரில் அந்தப் பாடம் இன்னும் கஷ்டம்தான்.

போர்ச்சுக்கல் 2001-ல் வேறு வழியில் போனது. பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் பதில் ஆலோசனைக் குழுவின் முன் நிற்கிறார். விற்பவருக்கு இன்றும் சிறைதான். இங்கே அந்த அளவுக்குச் சட்டம் மாறாவிட்டாலும், 64ஏ கையில் இருக்கிறது. வீட்டில் பேசத் தயங்குபவர்களுக்கு 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. பையன் ஸ்டேஷனில் உட்காரும் நாளுக்கு முன்பே அதை அழைக்கலாம்.