கோப்பைப் பூட்டிவிட்டீர்கள்... அதன் பழைய ‘ஸ்னாப்ஷாட்’டைப் பூட்டினீர்களா?

ரகசியக் கோப்பு ஒன்றை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி அனுமதியை மாற்றிவிட்டீர்கள். “அவ்வளவுதான், இனி யாராலும் திறக்க முடியாது” என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன?

கணினியில் உள்ள கோப்புகள் ஒரு நேரத்தில் எப்படி இருந்தனவோ, அந்த நிலையை அப்படியே பதிந்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். (ஸ்கிரீன்ஷாட் வேறு, இது வேறு!) விண்டோஸில் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ மூலம் பழைய நிலைக்குத் திரும்ப முடிவது இதனால்தான்.

கோப்போடு சேர்ந்து, அதை யார் திறக்கலாம் என்ற அனுமதியும் அன்று இருந்தபடியே பதிவாகிவிடும். சிக்கலே அங்கேதான்.

2021இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜூலையில் விண்டோஸ் 10இல் ஒரு குறை தெரியவந்தது. பயனீட்டாளர்களின் மறைச்சொற்களை உருமாற்றி வைத்திருக்கும் ‘சாம்’ எனும் கோப்பைச் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரும் படிக்கும்படி அனுமதி தவறாக அமைந்திருந்தது.

கணினி இயங்கும்போது அந்தக் கோப்பை நேரடியாகத் திறக்க முடியாது. ஆனால் ஸ்னாப்ஷாட்டில் இருக்கும் பிரதிக்கு அந்தத் தடை இல்லை! அதைப் படித்து, கணினி நிர்வாகியின் அதிகாரத்தையே ஒருவர் பெற வழி இருந்தது. ‘ஹைவ்நைட்மேர்’ என்று அதற்குப் பெயர் வந்தது.

ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்யும் மென்பொருளை வெளியிட்டது. அது மட்டும் போதாது, பழைய ஸ்னாப்ஷாட்டுகளைப் பயனீட்டாளர்களே அழிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஏன்? இன்று அனுமதியைத் திருத்தினாலும், பழைய பிரதியில் பழைய அனுமதிதான் இருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

● அனுமதியை முதலில் திருத்துங்கள். பிறகு பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்து, புதிதாக ஒன்று எடுங்கள். வரிசை மாறினால் பயனில்லை.

● அழித்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. அதனால் முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

● வேலையிடத்தில் பலர் பகிரும் ஃபோல்டரா? அதன் ‘முந்திய பதிப்புகளை’ யாரெல்லாம் திறக்கலாம் என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள்.

● அடையாள அட்டைப் படம், சம்பள விவரம் போன்றவற்றை முதல் நாளிலிருந்தே மறைச்சொல் போட்டு வையுங்கள். பிறகு போட்டால், பூட்டாத பிரதி ஸ்னாப்ஷாட்டில் தங்கிவிடலாம்.

அதற்காக ஸ்னாப்ஷாட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பை மீட்டுத் தருவதும் அதுதான்.