உயர்மலை யாத்திரையும் உடல் நலமும்

காஞ்சியில் வாழும் நமக்குக் கைலாயம் என்னும் பெயர் புதிதன்று. இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் நம் ஓரிக்கையினின்று நடந்து சென்று காணத்தக்க தொலைவிலேயே உள்ளது. ஆயினும் உண்மைக் கைலாயத்தைக் காணச் செல்வோர் எத்தகைய இடத்தை அடைகின்றனர் என்பதை நம்மிற் பலர் ஆராய்வதில்லை. அம்மலையை வலம்வரும் வழியிலுள்ள டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீட்டர் உயரமுடையது. காஞ்சியோ கடல் மட்டத்திற்கு மேல் நூறு மீட்டரும் இல்லை. 2020 முதல் தடைப்பட்டிருந்த அரசாங்க யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியமையால், இப்பொருள் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

காற்றில் பிராணவாயு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு என்பது அம்மலைகளிலும் மாறுவதில்லை. மாறுவது காற்றின் அழுத்தமே. 5,500 மீட்டர் உயரத்தில் அவ்வழுத்தம் கடற்கரையில் உள்ளதிற் பாதியாகிறது. ஆதலின் ஒரு மூச்சில் நாம் பெறும் பிராணவாயுவும் ஏறக்குறையப் பாதியே. உடல் இக்குறைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள வல்லது. ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்நாட்களைக் கொடாது விரைந்து ஏறுவாரையே மலைநோய் பெரிதும் பற்றுகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல், உறக்கமின்மை என்பன அதன் முதற்குறிகள்.

இமயத்தில் இந்நோயுற்ற 1,925 போர்வீரரைக் குறித்து இந்திய இராணுவ வைத்தியர் இந்தர் சிங் முதலியோர் 1969-இல் ஆராய்ச்சிக் கட்டுரையொன்று வெளியிட்டனர். நோயுற்றோர் படைவீரராதலின் உடல் வலிமையிற் குறைந்தவரல்லர். எனவே, ஓட்டத்திற் பரிசு பெற்ற மாணவரும் தமக்கு இது வாராதென்று எண்ணுதல் தவறு.

காக்கும் வழிகள் எளியனவே. 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் இடம் முந்திய இரவின் இடத்தினும் 500 மீட்டருக்கு மிகுதியாக உயர்தலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஒரு நாள் தங்கி இளைப்பாறல் வேண்டும். மதுவையும் தூக்க மருந்தையும் விலக்குக. அசெட்டசோலமைடு என்னும் மருந்தை வைத்தியரைக் கேட்டே கொள்க. தலைவலி முதலியன தோன்றின், அவை நீங்கும் வரை மேலே ஏறற்க. நம் ஊர் நெசவாளர் இழை அறுந்தவுடன் தறியை நிறுத்தி, அதனைப் பிணைத்த பின்னரே நெசவைத் தொடர்வர். மலையேறுவார்க்கும் அதுவே முறை.

நடை தள்ளாடுதலும் அறிவு தடுமாறுதலும் மூளை வீங்கியதன் அறிகுறிகள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதலும் இருமலும் நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறிகள். இவ்விரண்டும் உயிரைக் கொல்வன. அப்போது பிராணவாயுவும் மருந்தும் துணையாகுமேயன்றி, கீழே இறங்குதலே உற்ற மருந்து. விடியும்வரை காத்திருத்தலும் ஆகாது. நோயுற்றவர் தமக்கு ஒன்றுமில்லை என்பார். உடன் செல்வோரே துணிந்து முடிவு செய்து, அவரைத் தனியே விடாது அழைத்துவரல் கடன்.

கைலாயம் நோக்கி நடந்து உடல் தேய்ந்த திருநாவுக்கரசருக்கு அக்காட்சி மலையிலன்றித் திருவையாற்றிலேயே கிட்டியதெனப் பெரியபுராணம் கூறும். ஆதலின், பாதி வழியில் திரும்புதல் இழிவன்று. மலை என்றும் அங்கேயே நிற்கும். உயிரோடு மீள்பவரே மறுமுறை அதனை நாடிச் செல்லக்கூடும்.