பச்சைத் தண்ணீரில் பட்டினி

ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் விடுகிறவர்கள் முதலில் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். தெளிந்து கிடந்தால் மீனுக்குத் தீனி இல்லை. லேசாகப் பச்சை கட்டியிருந்தால் நல்லது. குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளங்களில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். மெல்லிய வலைத்துணியில் 50 லிட்டர் தண்ணீரை ஊற்றி வடிகட்டி, தங்கியதைக் கண்ணாடிக் குழாயில் படியவிட்டு, ஒன்றரை இரண்டு மில்லி சேர்ந்தால் குஞ்சு விடலாம் என்று முடிவு செய்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் தீனி எவ்வளவு இருக்கிறது என்பதோடு அந்தக் குழாயின் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தத் தீனியில் சத்து இருக்கிறதா என்று அதைக் கேட்க முடியாது.

இந்த ஏரிகளில் விடும் கட்லா மீனின் வாய் மேல்நோக்கி வளைந்திருக்கும். மேல்மட்டத் தண்ணீரில் மிதக்கும் பொடிப் பிராணிகளை வாரி விழுங்கத் தோதான வாய் அது. அந்தப் பிராணிகளைத்தான் விலங்கு மிதவைகள் என்கிறோம். ரோட்டிஃபர்கள், மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான மோய்னா, டாப்னியா போன்ற நீர்த்தெள்ளுகள், துள்ளித் துள்ளி நீந்தும் கோப்பிபாட்கள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றின் முக்கியத் தீனி, தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசி.

ஒரு டாப்னியாவைச் சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். உடம்பே ஒளி ஊடுருவும். இதயம் துடிப்பது தெரியும். குடல் ஒரு பச்சைக் கோடாக வளைந்து ஓடும். முதுகுப் பையில் இருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நல்ல தீனி கிடைத்தால் அந்தப் பை நிறைந்திருக்கும். தீனி மட்டமாக இருந்தால், குடல் முழுக்கப் பச்சையாக இருந்தும் பையில் ஒன்றுமிருக்காது. வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்கு வயிறு நிறையும், மடி சுரக்காது. அதே கதைதான் இங்கேயும்.

காரணங்களில் நன்றாக ஆராயப்பட்டது பாஸ்பரஸ். வேகமாக வளரும் உடம்புக்குப் புரதம் கட்டும் ரைபோசோம்கள் ஏராளமாக வேண்டும், அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ.வில் பாஸ்பரஸ் அதிகம். டாப்னியாவின் உலர் எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் பாஸ்பரஸ்தான். அது தின்னும் பாசியில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 300 கார்பன் அணுக்களுக்கு மேல் போய்விட்டால் வளர்ச்சி குன்றத் தொடங்குகிறது. வெயில் தாராளமாகவும் பாஸ்பரஸ் பற்றாக்குறையாகவும் உள்ள தண்ணீரில் பாசி கார்பனைச் சேர்த்துக்கொண்டே போகும்; பெருகுவதற்கான சரக்கு இருக்காது. அப்போது இந்த விகிதம் சுலபமாக 300ஐத் தாண்டும். வேண்டாத கார்பனை அந்தப் பிராணி மூச்சாகவும் கழிவாகவும் வெளியேற்றியாக வேண்டும். கோப்பிபாட்களுக்கு இவ்வளவு பாஸ்பரஸ் தேவையில்லை என்பதால் அவை அங்கே தாக்குப்பிடிக்கும். ராபர்ட் ஸ்டெர்னரும் ஜேம்ஸ் எல்சரும் 2002இல் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பெரிய நூலாகவே எழுதினார்கள். நம் மீன்பண்ணைக்காரர்களோ கடலைப் புண்ணாக்கோடும் மாட்டுச் சாணத்தோடும் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து குளத்தில் இட்டு வருகிறார்கள்.

பாஸ்பரஸ் போதுமான அளவு இருந்தாலும் வேலை முடிவதில்லை. மீன் எண்ணெய் மாத்திரை அட்டையில் இ.பி.ஏ. என்று ஒரு கொழுப்பு அமிலம் அச்சிட்டிருக்குமே, அது டாப்னியாவுக்கும் வேண்டும். பாசியில் இ.பி.ஏ. எவ்வளவு என்று தெரிந்தால் டாப்னியா எவ்வளவு வளரும் என்று சொல்லிவிடலாம் என மியூலர்-நவாரா குழுவினர் 2000இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். டயட்டம் பாசிகளில் அது நிறைய; சாதாரணப் பச்சைப் பாசிகளில் சொற்பம்; நீலப்பச்சைப் பாசியில் அநேகமாக இல்லை. நீலப்பச்சையில் ஸ்டெரால்களும் கிடையாது. ஓடு உரித்து வளரும் பிராணிக்கு அந்த உரிப்பை நடத்தும் ஹார்மோனைச் செய்ய ஸ்டெரால் தேவை, அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. போதாததற்கு மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் திரண்டு கட்டியாகிவிடும், வாய்க்குள் அடங்காது. சில வகைகள் நஞ்சும் கூட.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஏரிகளையும் ஆய்வகங்களையும் சார்ந்தது. வேலூர் வெயிலில் குடியிருக்கும் மோய்னாவுக்கு எண்கள் மாறலாம். திசை மாறாது என்றே நினைக்கிறேன்.

பாலாற்றங்கரையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் ஆலைகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, சுண்ணாம்பை நீக்கச் சேர்க்கும் அம்மோனியம் உப்பு, பதனிடும் குரோமியம் மூன்றும் கழிவுநீரில் வருபவை. நகரச் சாக்கடை பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. உப்பு ஏற ஏற நீர்த்தெள்ளுகள் விலகும், ரோட்டிஃபர்களில் சில மிஞ்சும். அதாவது தின்னும் கூட்டமே மாறிவிடும். சாக்கடை கலக்கும் ஏரியில் பாஸ்பரஸ் பஞ்சம் இராது. ஆனால் கோடையில் அது வற்றிச் சூடேறும்போது நீலப்பச்சைப் பாசி தலையெடுக்க வசதியாகிவிடும். தண்ணீர் அடர்பச்சையாக இருக்கும், சத்து இருக்காது.

குரோமியத்தின் போக்கு தனி. தோலில் ஏற்றுவது மூவிணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் கரைந்து நிற்பதைவிடத் துகள்களில் ஒட்டிக்கொள்வதே அதிகம். பாசியும் ஒரு துகள்தான். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் கரையக்கூடியது, நேரடியாகவே நச்சு.

நச்சை அளக்க உலகெங்கும் செய்யும் டாப்னியா சோதனை 48 மணி நேரம் நடக்கும். எத்தனை பிராணிகள் அசையாமல் போயின என்று எண்ணுவார்கள். அந்த 48 மணி நேரமும் தீனி போடுவதில்லை. எனவே தீனி வழியாக உள்ளே போகும் உலோகம் கணக்கில் வராது. கடல் கோப்பிபாட்களில் வெள்ளி, துத்தநாகம் போன்ற உலோகங்களை வைத்துப் பார்த்தபோது, கொல்லப் போதாத அளவிலும், உலோகம் ஏறிய பாசியைத் தின்றவை இட்ட முட்டைகள் குறைந்தன. 21 நாள் நடக்கும் நீண்ட சோதனையில் தீனி உண்டு, குட்டிகளையும் எண்ணுவார்கள். ஆனால் அதில் போடுவது ஆய்வகத்தில் வளர்த்த நல்ல பாசி. ஆலைகளிலிருந்து வெளியேறும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமையும் மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்ற வரம்புகளும் தண்ணீரைப் பற்றியவை, தீனியைப் பற்றியவை அல்ல.

ஓர் ஏரியில் குற்றம் தண்ணீரிலா தீனியிலா என்று அறிய எளிய வழி உண்டு. ஆய்வகத்தில் பிறந்த மோய்னாக் குட்டிகளில் ஒரு பாதியை ஏரித் தண்ணீரிலேயே, அதன் சொந்தப் பாசியோடு விட வேண்டும். மறுபாதியை, அதே தண்ணீரை நன்றாக வடிகட்டி, அதில் நல்ல பாசியைச் சேர்த்து விட வேண்டும். இரண்டாவது கூட்டம் மட்டும் முட்டை வைத்தால் குற்றம் தீனியில். இரண்டுமே வைக்காவிட்டால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். மோய்னா ஒரு வாரத்துக்குள் குட்டி போட்டுவிடும் என்பதால் மேல்விஷாரத்திலோ வேலூரிலோ விலங்கியல் முதுகலை படிக்கும் ஒருவருக்கு இது அளவான வேலை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரி, ஆம்பூர்ப் பக்கம் சாக்கடை கலக்கும் ஒன்று, மழைநீர் மட்டும் வரும் ஒன்று என மூன்று ஏரிகளை எடுத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை தண்ணீர் எடுத்தால் போதும்.