கர்ப்பிணியின் தட்டும் தில்லியின் கணக்கும்

புதுதில்லி: கர்ப்பிணிப் பெண்கள் என்ன உண்ண வேண்டும் என்று நாட்டுக்கு வகுத்துச் சொல்லும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஹைதராபாதில் இருக்கிறது. அது பிறந்தது என்னவோ தமிழகத்தில்தான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம், 1958-இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் பின்னர் அதன் இயக்குநராகப் பணியாற்றினார். ஏழைகளின் முதல் குறை புரதமல்ல, போதிய உணவே இல்லாததுதான் என்று வலியுறுத்தியவர் அவர்.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாகத் தேவை என்பது 2020-இல் இந்நிறுவனம் வெளியிட்ட கணக்கு. கடைசி மூன்று மாதங்களில் கூடுதல் புரதம் 22 கிராம். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஆகியவை இத்தேவையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காபி கூடாது என்றும் 2024 மே மாத வழிகாட்டுதல் கூறுகிறது. உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அவை தடுக்கின்றன. இரானி தேநீருக்குப் பெயர்போன ஊரிலிருந்து வந்த அறிவுரை இது!

ஆனால், அறிவுரைக்குப் பஞ்சமில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.4. தெலங்கானாவில் 53.2, தமிழகத்தில் 48.3.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுப் பொருளைக் குடும்பமே பங்கிட்டுக் கொள்கிறது. கர்ப்பிணியின் பங்கு கடைசியில்தான் வரும். இதை உணர்ந்துதான் தெலங்கானா அரசு 2015-இல் "ஆரோக்கிய லட்சுமி' திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடியிலேயே அமர்ந்து சோறு, பருப்பு, காய்கறி, முட்டை, 200 மில்லி பால் சாப்பிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எனினும், கூலி வேலைக்குச் செல்பவர் நண்பகலில் எப்படி அங்கன்வாடிக்கு வருவார்?

அந்தக் கூலி இழப்பை ஈடுசெய்யவே, மகப்பேறு நிதியாக ரூ. 6 ஆயிரத்துக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2017-இல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய திட்டத்தில் கிடைத்ததோ ரூ. 5 ஆயிரம், அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ. 6 ஆயிரம் என்பது 2022-இல்தான் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் 1987-இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், 2018-இல் மத்திய அரசின் பங்கையும் சத்துணவுப் பெட்டகத்தையும் சேர்த்து உதவி ரூ. 18 ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

இதற்கிடையே, அளவுகோலும் மாறியது. விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பது துல்லியமாக இல்லை என்ற வாதத்தின் பேரில், அடுத்த குடும்பநல ஆய்விலிருந்து ரத்தசோகைச் சோதனை நீக்கப்பட்டது. அந்தப் பொறுப்பு ஹைதராபாத் நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது. அதில் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்கப்படுகிறது. அறிவியல்படி இது மேலான முறையே. ஆயினும், இரு முறைகளில் கிடைக்கும் எண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. நாளை இந்த எண் குறைந்தால், அதற்குக் காரணம் முட்டையும் பாலுமா, ஊசியா என்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்டாக வேண்டும்.