ரைபோசோமில் ஒட்டும் மெத்தில்

பூஞ்சையால் நெற்பயிருக்கு வரும் குலை நோய்க்குத் தெளிக்கும் மருந்துகளில் கசுகாமைசின் ஒன்று. ஜப்பானின் நாரா நகரில், கசுகா கோயில் பகுதி மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரி சுரப்பது அது. உமேசாவா ஹமாவோ குழுவினர் 1965இல் அதை அறிவித்தார்கள். பூஞ்சையை மட்டுமல்ல, பாக்டீரியாவையும் அது முடக்கும். ரைபோசோமில் தூது ஆர்என்ஏ செல்லும் பாதையில் புகுந்துகொண்டு, புரத உற்பத்தியைத் தொடங்கவே விடாது.

இந்த மருந்துக்கு மசியாத ஈ.கோலை பாக்டீரியா ரகங்களை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அவற்றின் ரைபோசோம் ஆர்என்ஏவில் நான்கு மெத்தில் தொகுதிகள் இல்லாதது தெரிந்தது.

அமினோ அமிலங்களைக் கோப்பது ரைபோசோமின் ஆர்என்ஏதான். ஈ.கோலையில் அது ஏறத்தாழ 4,500 எழுத்து நீளம். அதில் 36 எழுத்துகளை நொதிகள் பின்னர் திருத்துகின்றன; பெரும்பாலும் மெத்தில் ஒட்டுகின்றன. கேஎஸ்ஜிஏ என்ற நொதி, ரைபோசோமின் இரு பாகங்களில் சிறியதான சிறு துணையலகின் 1518, 1519ஆம் இடங்களிலுள்ள அடினின்களில் தலா இரண்டு மெத்தில் ஒட்டுகிறது. மருந்துக்கு மசியாத ரகங்களில் இந்த நொதி செயல்படாததால் இல்லாமல்போன நான்கும் இவையே. அவை மருந்தைத் தொடுவதில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் சுற்றியுள்ள ஆர்என்ஏவின் அமைப்பு மாறிவிடுகிறது. மருந்திலிருந்து தப்பும் பாக்டீரியா, புரதத்தைத் தவறான இடத்தில் தொடங்குவது கூடுகிறது. குளிரில் வளர்ச்சியும் குன்றுகிறது.

இதே குடும்பத்து நொதியான எர்மின் விளைவு நேர்எதிர்: அது மெத்தில் ஏற்றுவதால்தான் பாக்டீரியா தப்புகிறது. பெரிய துணையலகின் 2058ஆம் அடினினில் இரண்டு மெத்தில் ஏற்றுகிறது. எரித்ரோமைசின் அமரும் இடம் அது; மெத்தில் ஏறியபின் மருந்தால் அங்கே ஒட்ட முடியாது. ஒரு நொதியை இழந்து தப்புவதும் இன்னொன்றைப் பெற்றுத் தப்புவதும் மெத்திலால்தான் என்பது இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் எர்ம் வகைகளில் ஒன்றான எர்ம்சி நொதி எப்போதும் உருவாவதில்லை. அதன் தூது ஆர்என்ஏவில், நொதிக்குரிய பகுதிக்கு முன்னால் 19 அமினோ அமிலம் கொண்ட குறும்புரதத்துக்கான செய்தி இருக்கிறது. மருந்து இல்லாதபோது ரைபோசோம் அதைப் படித்து முடித்து விலகிவிடும். நொதியின் தொடக்கம் ஆர்என்ஏவின் மடிப்புக்குள் மறைந்தே கிடக்கும். எரித்ரோமைசின் பிடித்த ரைபோசோமோ அந்தக் குறும்புரதத்தின் நடுவே நின்றுவிடுகிறது. அது நிற்பதால் மடிப்பு குலைந்து, மறைந்திருந்த தொடக்கம் வெளிப்படுகிறது. மருந்து தீண்டாத ரைபோசோம்கள் அங்கிருந்து நொதியை உருவாக்குகின்றன. முழுதாகக் கட்டிமுடித்த ரைபோசோமை எர்ம் திருத்தாது. புதிதாக உருவாகிவருபவற்றில்தான் மெத்தில் ஏற்றும்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. மெத்தில் ஏறிய ரைபோசோம் சில புரதங்களைச் சரிவர உருவாக்குவதில்லை. மருந்தில்லாத சூழலிலும் நொதியை ஓயாமல் உருவாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ், மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் பின்தங்குகிறது.