கல்லீரல் மீது விழும் பழி

கடல் உயிரிகளின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்குமா என்று மேட்டுப்பாளையத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். எலிக்கு நஞ்சு ஏற்றினார்கள், கல்லீரல் நொதிகள் எகிறின என்று செய்தி வரும். அடுத்த வரியிலேயே புற்றுநோய்க்கு மருந்து ரெடி. ஜெல்லி மீன் நஞ்சு சில, தட்டில் வளர்த்த கல்லீரல் செல்களைக் கொல்வது உண்மைதான். தட்டு வேறு, உடம்பு வேறு.

நொதி ஏறினால் கல்லீரல்தான் காரணமா? வலக்கடியனைக் கேட்க வேண்டும். வலையில் மீனோடு ஏறிவரும் இந்தக் கடல்பாம்பு கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் நோகும், தாடை இறுகும். சில மணி நேரத்தில் சிறுநீர் கறுக்கும். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி உச்சத்தில் நிற்கும். காமாலை என்று யாராவது கீழாநெல்லி பறிக்கக் கிளம்பலாம்.

உண்மையில் கிழிந்தது தசை. நஞ்சிலுள்ள பாஸ்போலிப்பேஸ், தசைச் செல்லின் கொழுப்புச் சவ்வை மூலக்கூறு மூலக்கூறாக வெட்டுகிறது. ஓட்டை வழியே கால்சியம் பாய, செல் தன்னைத் தானே குலைத்துக்கொள்கிறது; உள்ளிருந்தவை ரத்தத்தில் கொட்டுகின்றன. தெருவில் அரிசி சிந்திக் கிடந்தால் எந்த வீட்டு மூட்டை கிழிந்தது என்று எப்படிச் சொல்வது? எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல், தசை இரண்டு வீட்டிலும் உள்ள புழுங்கலரிசி. எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் வீட்டார் விரும்பும் சீரகச்சம்பா. தசை வீட்டிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் கல்லீரல் ஒன்றரைக் கிலோ தனிக்குடித்தனம். தசையோ உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூட்டுக்குடும்பம். அங்கே எலி புகுந்தால் சம்பாவும் தெருவுக்கு வரும். சி.பி.கே. என்ற கேழ்வரகு கல்லீரல் வீட்டில் அநேகமாகக் கிடையாது. அதுவும் சிந்தியிருந்தால் துப்பு துலங்கிவிடும்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1954-ல் நியூயார்க் மருத்துவர்கள் எஸ்.ஜி.ஓ.டி.யை அளந்தது மாரடைப்பைக் கண்டுபிடிக்க. கடல்பாம்புக் கடியில் தசை சிதைவதைப் பினாங்கில் அலிஸ்டர் ரீட் 1961-ல் எழுதினார். மருந்து என்று பார்த்தால், கூம்பு நத்தை நஞ்சிலிருந்து பிறந்து 2004-ல் அமெரிக்க அனுமதி பெற்ற சிகோனோடைடு வலிநிவாரணி; கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புதுச்சேரிக் கடற்கரையில், தேங்காய்த்திட்டிலோ வீராம்பட்டினத்திலோ வலை பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடி வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போக வேண்டாம். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது, கடல்பாம்புக்கு அல்ல. செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள். கடித்தது கடலில் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், சி.பி.கே.யும் பார்க்கச் சொல்லுங்கள்.